64 ரூபாவுக்கு 100 ரூபா தர்மம்

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் புறப்படுவதற்குள் மூன்று உண்டியல்காரராவது ஏறி இறங்கிவிடுவார்கள். ஒருவர் கையில் நோயாளியின் படம். இன்னொருவர் கையில் கட்டி முடியாத கோபுரத்தின் படம். மூன்றாமவரிடம் படம் கிடையாது, வெறும் கைதான். இவ்வளவு காலமும் நீங்கள் என்ன செய்தீர்கள்? சட்டைப்பையைத் தடவினீர்கள், அகப்பட்ட இருபது ரூபாவைப் போட்டீர்கள், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இருபது ரூபா கொடுத்ததில் உங்களுக்கு இருபது ரூபாவே செலவாகியிருக்கிறது. யாராவது முழு விலைக்குப் புண்ணியம் வாங்குவார்களா?

விவரம் தெரிந்தவர்கள் அப்படி வாங்குவதில்லை. 100 ரூபா தர்மத்தை 64 ரூபாவுக்கு முடிப்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அதன் ஐந்தாம் அட்டவணை. வள்ளுவர் ஈகைக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். அதில் ஒன்றுகூடப் பற்றுச்சீட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இந்த வழிகாட்டி. ஊவா மாகாணத்தில், குறிப்பாகத் தோட்டப்புறங்களில், தர்மம் செய்யத் துடிக்கும் அனைவருக்கும் இது பயன்படும். சிலருக்குக் கொஞ்சம் குறைவாகப் பயன்படும். யாருக்கு என்பது போகப் போகத் தெரியும்.

தேவையானவை

மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம். ஒரு டின் நம்பர். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் இணையத்தளத்துக்கான கடவுச்சொல். அது மறந்துபோனால் மீட்டுத் தர ஒரு மருமகன். வர்த்தமானியில் அங்கீகாரம் பெற்ற ஏழைகள், தேவையான அளவு. பற்றுச்சீட்டு ஒன்று. இரக்கம், சுவைக்கேற்ப.

படி 1: முதலில் நிறையச் சம்பாதியுங்கள்

தர்மத்துக்கு நல்ல மனம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலிவான தர்மத்துக்கு அது போதாது, பெரிய சம்பளம் வேண்டும்.

கணக்கு இதுதான். 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்தடுத்த மூன்று ஐந்து இலட்சங்களுக்கு 18, 24, 30 சதவீதம். அதையும் தாண்டினால் 36 சதவீதம். நீங்கள் கொடுக்கும் நன்கொடை, வருமானத்தின் உச்சியிலிருந்து கழிக்கப்படும். ஆகவே உச்சிப்படியில் எந்த வீதமோ, அந்த வீதம் உங்களுக்கு மிச்சம்.

பதுளை டவுனில் மாதம் 5 இலட்சம் உழைக்கும் ஒரு டொக்டரை எடுத்துக்கொள்வோம். அவர் நிற்பது 36 சதவீதப் படியில். அவர் கொடுக்கும் 100 ரூபாவில் 36 ரூபா வரியில் குறைகிறது. அவருக்கு உண்மையில் செலவு 64 ரூபா. அதே வீதியில் மாதம் 2 இலட்சம் வாங்கும் ஒரு வங்கி உத்தியோகத்தர் 6 சதவீதப் படியில் நிற்கிறார். அவருடைய 100 ரூபாவின் விலை 94 ரூபா.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. (டவுன் வாசகர்களுக்காக: தோட்டத்தில் 'பேர்' என்றால் நாமம் அல்ல, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பதிந்த ஒரு நாள் வேலை. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) அதற்குப் பிறகு கூட்டிய நூறு இருநூறையெல்லாம் சேர்த்தாலும் வரி தொடங்கும் 150,000இன் பக்கத்தில்கூட வராது. அவருக்கு வருமான வரி இல்லை. வரி இல்லாதவருக்கு வரிக்கழிவும் இல்லை. அவருடைய 100 ரூபா தர்மத்தின் விலை 100 ரூபா.

ஒரே உண்டியல், ஒரே நூறு ரூபா நோட்டு, மூன்று விலை. வேறு எந்தக் கடையிலும் பணக்காரருக்கு 64, ஏழைக்கு 100 என்று விலைச்சீட்டு ஒட்டினால் நுகர்வோர் அதிகார சபைக்குப் புகார் போகும்.

எனவே கொழுந்து எடுப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை: தர்மம் செய்வதற்கு முன் விசேட வைத்திய நிபுணர் ஆகிவிடுங்கள்.

படி 2: கழிவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேநீர்க் கடைகளில் ஒரு வதந்தி உலவுகிறது. "எழுபத்தஞ்சாயிரம் குடுத்தா வரியில எழுபத்தஞ்சாயிரம் கொறைச்சிருவாங்க. தர்மமும் ஆச்சு, காசும் கைய விட்டுப் போகல." இதைச் சொல்பவர் வழக்கமாக வடைக்கும் சேர்த்து உங்களையே காசு கொடுக்க வைப்பவராக இருப்பார். நம்ப வேண்டாம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தராசில் 20 கிலோ காட்டும். சாக்குக்கும் மழைத் தண்ணிக்கும் என்று 2 கிலோ கழிப்பார்கள். குறைந்தது கிலோ, அதனால் எவ்வளவு காசு குறைகிறது என்பது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பொறுத்தது. வரிக்கழிவும் அப்படித்தான். நன்கொடை உங்கள் வருமானத்தின் எடையிலிருந்து கழிகிறது. வரியில் எவ்வளவு குறைகிறது என்பது உங்கள் படியின் வீதத்தைப் பொறுத்தது. ஒரே வித்தியாசம், கொழுந்துக் கழிவில் நஷ்டப்படுபவர் மலையில் நிற்பவர். வரிக்கழிவில் லாபப்படுபவர் மலையிலிருந்து இறங்கிப் படித்து முன்னேறியவர்.

அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுப்பதில் தனிநபருக்கு ஓர் எல்லை உண்டு. வரிக்குட்பட்ட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 75,000 ரூபா, இரண்டில் எது குறைவோ அது. நமது டொக்டர் முழு 75,000ஐயும் கொடுத்தால் வரியில் 27,000 குறையும். கையை விட்டுப் போவது 48,000. அது அவருடைய மூன்று நாள் உழைப்புக்கும் குறைவு. வங்கி உத்தியோகத்தருக்கு வரியில் 4,500 குறையும், செலவு 70,500. கொழுந்து எடுப்பவர் 75,000 கொடுக்க நினைத்தால், அந்த 1,350 ரூபாக் கணக்கில் ஐம்பத்தாறு பேர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் முடியும்.

கவனியுங்கள், கொடுத்து லாபம் பார்த்தவர் இதில் யாருமில்லை. 36 சதவீதக்காரருக்கும் கைக்காசு போகத்தான் செய்கிறது. கழிவு தர்மத்தை இலவசமாக்காது, சிலருக்கு மட்டும் மலிவாக்கும்.

படி 3: சரியான ஏழையைத் தேர்ந்தெடுங்கள்

ஏழைகளில் இரண்டு வகை: அங்கீகரிக்கப்பட்டவர், அங்கீகரிக்கப்படாதவர். நோயுற்றவர்களையும் வறியவர்களையும் ஓர் இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனமாக இருந்து, அமைச்சரின் அங்கீகாரமும் பெற்றிருந்தால், அங்கே இருப்பவர் முதல் வகை. அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தால் கழிவு உண்டு. அதே நோய், அதே வறுமை, ஆனால் நமுனுகுலைப் பக்கம் ஒரு லயக் காம்பராவில் மகள் பராமரிக்கிறாள் என்றால் அவர் இரண்டாம் வகை. மகளுக்கு வர்த்தமானி அங்கீகாரம் கிடையாது. அங்கே கொடுக்கும் 100 ரூபா, டொக்டருக்கும் 100 ரூபாதான்.

கோயில் தேருக்குக் கொடுத்தது? கும்பாபிஷேகத்துக்கு? கோயில் நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் அல்லவே. முருகன் எத்தனை பேரைக் குணப்படுத்தியிருந்தாலும் இந்த வாசகத்துக்குள் அவரை அடக்குவது கஷ்டம். பாடசாலை மாணவனுக்குச் சப்பாத்து? அடுத்த லயத்து மரண வீட்டுக்குப் பெட்டிச் செலவு? கல்யாண மொய்? அதெல்லாம் மனிதாபிமானம். மனிதாபிமானத்துக்கு ஐந்தாம் அட்டவணையில் வரி இல்லை. நான் எழுத்து வரியைச் சொல்கிறேன்.

எல்லையே இல்லாமல் முழுவதும் கழிக்கத் தக்க ஒரு ஏழை இருக்கிறார். அவர் பெயர் இலங்கை அரசாங்கம். அரசுக்கும், உள்ளூராட்சி மன்றத்துக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், சட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட சில நிதியங்களுக்கும் கொடுக்கும் நன்கொடைக்கு 75,000 என்ற வேலி கிடையாது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் 5 இலட்சம் கொடுத்தாலும் கழிவு உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக இடம் கிடைத்து, போர்டிங் காசில்லாமல் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையின் கையில் 5,000 கொடுத்தால் இல்லை. கட்டடத்துக்குப் பசித்தால் சட்டத்துக்குத் தெரியும்.

படி 4: அரிசியாகக் கொடுக்காதீர்கள்

அங்கீகரிக்கப்பட்ட இல்லத்துக்குக் கொடுப்பதைக் காசாகக் கொடுக்க வேண்டும். பொருளாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரசு முதலாக எல்லையில்லாத அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் காசாகவும் கொடுக்கலாம், பொருளாகவும் கொடுக்கலாம். அதாவது பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தால் கணக்கில் சேரும். முதியோர் இல்லத்துக்கு அதே கட்டிலை வாங்கிக் கொடுத்தால் சேராது. கட்டில் காசை இல்லத்தின் கையில் கொடுத்து, அவர்களையே வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் கட்டிலைச் சுமந்து வந்தது முதுகுவலிக்கு மட்டுமே உதவும்.

உலர் உணவுப் பொதி, பழைய சேலை, பாடசாலைப் பை எல்லாம் இதில் அடக்கம். அதோடு பொருளாகக் கொடுக்கும்போது இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சவர்க்காரம், பிஸ்கட் என்று வாங்கிப் பொதி கட்டினால், 118 ரூபாவில் 18 ரூபா திறைசேரிக்குப் போகிறது. 100 ரூபாப் பெறுமதியான தர்மத்துக்கு 118 ரூபா செலவு. வருமான வரியே கட்டாத ஒருவர், அடுத்த வீட்டாருக்கு இரங்கிச் சவர்க்காரம் வாங்கினால் அந்த இரக்கத்துக்கும் வரி கட்டுகிறார். இதைத் திருப்பிக் கேட்க எந்தப் படிவமும் கிடையாது.

உடலுழைப்பையும் தவிர்க்கவும். சிரமதானத்துக்குக் கழிவு இல்லை. இரத்ததானத்துக்கும் இல்லை. ஒரு பைன்ட் இரத்தத்தின் சந்தைப் பெறுமதி எவ்வளவு என்று வரிப் படிவத்தில் எழுத இடமில்லை.

படி 5: மார்ச் 31க்குள் இரங்குங்கள்

வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. கணக்கறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் இரக்கம் வந்தால் அதன் பலனை எழுதிக் கேட்க அடுத்த வருட நவம்பர் வரை, ஏறக்குறைய இருபது மாதம், காத்திருக்கும்படி நேரலாம். மார்ச் கடைசி வாரத்து இரக்கம் எட்டு மாதத்தில் பழுக்கும். பெரிய மனசுக்காரர்கள் மார்ச் 31இல் 75,000, ஏப்ரல் 1இல் இன்னொரு 75,000 என்று பிரித்துக் கொடுக்கலாம். கணவன் மனைவி இருவரும் வரி கட்டுபவர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனி எல்லை. குடும்பத்தோடு இரங்குவது சிக்கனமானது.

ஆனால் மலைகளுக்கு இந்த நாட்காட்டி தெரிவதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலையில். டித்வா புயல் ஊவாவையும் சேர்த்து மலைநாட்டை உலுக்கியது 2025 நவம்பர் கடைசியில். மண் சரியும் இடத்தில் முதலில் மண்வெட்டியோடு ஓடுபவர் பக்கத்து லயத்துக்காரர். அவர் எந்த வரியாண்டில் ஓடினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உழைப்புக்குக் கழிவு இல்லை என்று படி 4இல் பார்த்தோம்.

வரியாண்டு மட்டும் அல்ல, இரக்கத்தின் விலைவாசியே மாறிக்கொண்டிருக்கிறது. 2020 முதல் வரியில்லா எல்லை 30 இலட்சம். 2023 ஜனவரியில் 12 இலட்சத்துக்கு இறங்கியது. 2025 ஏப்ரலில் 18 இலட்சத்துக்கு ஏறியது. மாதம் ஒன்றரை இலட்சம் வாங்கும் ஒரு அதிபரை நினைத்துப் பாருங்கள். 2024இல் அவர் 12 சதவீதப் படியில் நின்றார், அவருடைய 100 ரூபா தர்மத்தின் விலை 88. வரிச் சலுகை வந்தது, வரி முழுவதும் ஒழிந்தது, தர்மத்தின் விலை 100க்கு ஏறியது. அதே அதிபர், அதே உண்டியல். சலுகை கிடைத்த சந்தோஷத்தில் அவர் கூடக் கொடுத்தாரா, விலை ஏறியதால் குறைத்துக்கொண்டாரா என்றால், எனக்குத் தெரிந்த அதிபர்கள் யாரும் இரண்டையும் கணக்குப் பார்த்ததில்லை. அவர்களுக்கெல்லாம் இந்த வழிகாட்டி அவசரமாகத் தேவை.

படி 6: துண்டு வாங்குங்கள்

துண்டில்லாத தர்மம், செக்ரோலில் விழாத வேலை மாதிரி.

தோட்டத்தில் துண்டு என்ற சொல்லுக்குப் பழைய சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் கங்காணியும் ஆட்களும் தோட்டம் மாற வேண்டுமானால் துரை துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இவர்கள் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்பதுதான் அதில் இருக்கும். ஆளின் விலையை ஆளின் கையிலேயே கொடுத்தனுப்பும் ஏற்பாடு. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வருமான வரி இலங்கைக்கு வந்தது 1932இல். பழைய துண்டு, ஒருவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று சொன்னது. புதிய துண்டு, ஒருவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்கிறது. இரண்டிலும் தொகையும் கையெழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆகவே பஸ் உண்டியல்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அவர் உங்களை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு இந்த வழிகாட்டி பொறுப்பல்ல.

மொய் நோட்டு செல்லாது. எங்கள் வீட்டு அலுமாரியில் நாற்பது வருட மொய் நோட்டுகள் இருக்கின்றன. யார் வீட்டுச் சாவுக்கு எத்தனை கொத்து அரிசி, யார் வீட்டுச் சடங்குக்கு எவ்வளவு காசு, எல்லாம் தேதியோடு உண்டு. எந்தக் கணக்காய்வாளரும் குறை சொல்ல முடியாத பதிவு. ஆனால் வாங்கியவர் யாரும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் இல்லை, அடுத்த காம்பராக்காரர்.

படி 7: வெளிநாட்டுச் சொந்தங்களைக் கலந்தாலோசியுங்கள்

இலண்டனில் மாமா இருந்தால் அதிர்ஷ்டம். பிரித்தானியாவில் அங்குள்ள தர்ம நிறுவனத்துக்கு வரி கட்டும் ஒருவர் 100 பவுண் கொடுத்தால், 'கிஃப்ட் எய்ட்' முறையில் அரசு 25 பவுண் சேர்த்து நிறுவனத்திடமே கொடுக்கும். 40 சதவீத வரிக்காரர் என்றால் மாமா இன்னும் 25 பவுணைத் தனக்காகத் திரும்பப் பெறலாம். 75 பவுண் செலவில் 125 பவுண் புண்ணியம். ஆனால் மாமா உங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு நேரே அனுப்பினால் ஒன்றும் கிடையாது. அந்த அம்மனுக்கு பிரித்தானியப் பதிவு இல்லை.

கோத்தகிரியில் சித்தப்பா இருக்கலாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய குடும்பங்களில் பலவும் நீலகிரியில்தான் இருக்கின்றன. இந்தியாவிலும் நன்கொடைக்குக் கழிவு தரும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் 2,000 ரூபாவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தக் கழிவே இல்லை. சித்தப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில் கொடை வசூலுக்கே 'வரி' என்றுதான் பெயர்.

குவைத்தில் அக்கா இருக்கலாம். ஊவாத் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இல்லாத லயம் அரிது. குவைத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது, ஆகவே கழிவும் கிடையாது. அக்கா அம்மன் கோயிலுக்கு அனுப்பும் 10,000 ரூபா முழுசாக 10,000 ரூபா. அதற்கு மேல் அனுப்பும் கட்டணம்.

படி 8: கம்பனியாக மாறுங்கள்

இது மேல்நிலை மாணவர்களுக்கு. கம்பனிக்கு எல்லை வரிக்குட்பட்ட வருமானத்தில் ஐந்தில் ஒன்று அல்லது 5 இலட்சம், எது குறைவோ அது. 30 சதவீத வரி கட்டும் கம்பனி 5 இலட்சம் கொடுத்தால் வரியில் 150,000 குறையும், செலவு 350,000. இந்த 5 இலட்சத்தையும் கதவு அளவு காசோலையில் எழுதிப் படம் பிடிக்கவும். காசோலையின் அகலத்துக்குக் கழிவு இல்லை என்றாலும் பத்திரிகையில் நன்றாக விழும். பிள்ளைகளுக்குப் பைகள் கொடுத்தால் கம்பனியின் பெயரைப் பையின் பின்புறம் பெரிதாகப் போடவும். மலை ஏறும் பிள்ளையின் முதுகில் அது தூரத்திலிருந்தே தெரியும். அதை நன்கொடையில் போடுவதா விளம்பரத்தில் போடுவதா என்று கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

படி 9: செக்ரோலில் இருப்பவராக இருந்தால் இந்தப் படியை மட்டும் படியுங்கள்

உங்களுக்கும் கழிவு உண்டு. சம்பளத் துண்டைப் பாருங்கள், அந்தச் சொல்லே அச்சடித்திருக்கும். சேமலாப நிதிக்கு 8 சதவீதம். சங்கச் சந்தா. கோயில் சந்தா. மரண உதவிச் சந்தா. தீபாவளிக்கு வாங்கிய முற்பணம். தேயிலைத்தூள் காசு. முன்பெல்லாம் டோபிக்கும் பார்பருக்கும்கூட அதிலேயே பிடித்தார்கள்.

டவுனில் கழிவு என்றால் கொடுத்தவருக்குத் திரும்பி வருவது. தோட்டத்தில் கழிவு என்றால் கைக்கு வருமுன் போவது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிற மொழியைக் குறை சொல்ல வேண்டாம். அது இரண்டு இடத்திலும் உண்மையைத்தான் சொல்கிறது. அதிலே கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் போகும் பங்கு தர்மம்தான். மாதாமாதம் தவறாமல், கேட்காமல், படம் பிடிக்காமல் போகும் தர்மம். அதற்கு விலைக்குறைப்பு எவ்வளவு என்று படி 1இல் சொல்லிவிட்டேன்.

படி 10: உபயப் பலகையைத் திருத்தி எழுதுங்கள்

கடைசியாக, இந்த வழிகாட்டியை எழுதியவர் தானே இதைச் செய்து பார்த்தாரா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஒரு முதியோர் இல்லத்துக்கு 20,000 ரூபா கொடுத்தேன். காசாக, மார்ச்சில், துண்டோடு. நான் 6 சதவீதப் படிக்காரன். என் வரியில் 1,200 ரூபா குறைந்தது. படிவம் நிரப்பித் தந்தவருக்கு 2,500 கொடுத்தேன். இதைத் தொழில்நுட்பக் கோளாறாக எடுத்துக்கொள்ளவும்.

பசறைப் பக்கம் தோட்டத்தில் என் பெரியம்மா இருக்கிறார். இன்னும் இரண்டு வருடத்தில் வேலையிலிருந்து நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீ குடித்துக்கொண்டே அவருக்கு இதைப் பெருமையாக விளக்கினேன். தண்ணிக் கழிவு உதாரணத்தைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீ குடுத்தது இருவதாயிரம் இல்லியா?"

"பதினெட்டாயிரத்து எண்ணூறு, பெரியம்மா."

"மிச்சம் ஆயிரத்தி எரநூறு?"

"கவர்மென்ட் விட்டுக்குடுத்தது."

"கவர்மென்டுக்கு அத யாரு குடுத்தா?"

நான் பேச்சை மாற்ற நினைத்தேன். ஆனால் அவர் கண் யன்னல் கட்டையில் இருந்த சவர்க்காரத்தின் மேல் போயிருந்தது. திறைசேரிக்கு என்னால் விழுந்த 1,200 ரூபாப் பள்ளத்தைப் பெறுமதி சேர் வரியால் நிரப்ப வேண்டுமென்றால், அந்த லயத்துக்காரர்கள் கிட்டத்தட்ட 7,870 ரூபாவுக்குச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் வாங்க வேண்டும். முதியோர் இல்லத்துப் பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. சரியாக எழுதினால் "உபயம்: இன்னார் 94%, மற்றவர்கள் 6%" என்று இருக்க வேண்டும். டொக்டரின் பலகையில் 64, 36. அந்த 'மற்றவர்கள்' யார் யார் என்று எழுத ஊவாவில் உள்ள மதில்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. ஆகவே நடைமுறையில் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அன்று பின்னேரம் தேர்க் கமிட்டிப் பையன் கொப்பியோடு வந்தான். வருடா வருடம் வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம். பெரியம்மா இந்த மாதம் ஒரு பேரைத் தேருக்குப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். இந்த முறை கொடுத்த எல்லோரையும் பலகையில் எழுதப்போகிறோம் என்றான் பையன், பேனாவைத் திறந்துகொண்டு.

"பாட்டி, என்னா பேரு போடட்டும்?"

பெரியம்மா கோப்பையைக் கழுவ எழுந்தார்.

"பேரா? அதத்தானேடா குடுத்திட்டேன்."